தெருவில் நின்று சுவிசேஷம் சொல்லப் போகிறவர்களுக்கு: எதிர்ப்பு வரும்போது என்ன செய்வது

முதல் முறையாகத் தெருவில் நின்று பேசப் போகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: யாராவது வந்து தடுத்தால் என்ன செய்வது? நியாயமான கேள்விதான். ஆனால் அதற்கு முன்னால் இன்னொன்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும். தடுக்கிறவர் எதைத் தடுக்கிறார்? இயேசுவைப் பற்றிப் பேசுவதையா, காதைப் பிளக்கும் ஒலிபெருக்கியையா, கடை வாசலை மறித்து நிற்கும் கூட்டத்தையா, தான் கும்பிடும் தெய்வத்தைப் பழித்த வார்த்தையையா?

பேதுரு தன் முதல் நிருபம் 4ஆம் அதிகாரத்தில் இதைத் தெளிவாகப் பிரித்துக் காட்டுகிறார். கிறிஸ்தவனாக இருப்பதற்காகப் பாடுபட்டால் வெட்கப்பட வேண்டாம். பொல்லாப்பு செய்தோ, அடுத்தவர் காரியத்தில் தலையிட்டோ பாடுபடுகிறவனாக மட்டும் இருக்காதே என்கிறார். தெரு ஊழியத்துக்குப் புதிதாக வருகிறவருக்கு இதைவிட முக்கியமான பாடம் இல்லை என்பது என் கருத்து. சுவிசேஷத்தினால் வருகிற எதிர்ப்பு வந்தே தீரும், அதைத் தாங்கிக்கொள்ளத்தான் வேண்டும். நம் நடத்தையால் வருகிற எதிர்ப்பை வீட்டைவிட்டுக் கிளம்பும் முன்பே பாதிக்கு மேல் குறைத்துவிட முடியும். அதை எப்படிக் குறைப்பது, மீதி வரும்போது எப்படி நிற்பது என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

இந்த எதிர்ப்பு இன்று நேற்று வந்ததும் இல்லை. 1739 பிப்ரவரியில் ஜார்ஜ் விட்ஃபீல்ட் என்ற ஆங்கிலப் பிரசங்கியார் இங்கிலாந்தில் பிரிஸ்டலுக்கு அருகே கிங்ஸ்வுட் என்ற இடத்தில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களுக்கு வெட்டவெளியில் பிரசங்கித்தார். அதே ஆண்டு ஏப்ரலில், மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியும் ஆரம்பித்தார். ஆலயத்துக்கு வெளியே ஆத்தும ஆதாயம் செய்வது கிட்டத்தட்டப் பாவம் என்றே அதுவரை நினைத்திருந்ததாக அவரே தன் குறிப்பேட்டில் எழுதியிருக்கிறார். அப்படித் தயங்கித் தயங்கி வந்தவருடைய கூட்டத்துக்குள் 1742இல் பென்ஸ்ஃபோர்டில் ஒரு காளையை விரட்டிவிட்டார்கள். மறு ஆண்டு வெட்னஸ்பரியில் கும்பல் அவரை இரவில் ஊர் ஊராக இழுத்துக்கொண்டு போனது. 1880களில் இரட்சணிய சேனை (Salvation Army) என்ற கிறிஸ்தவ அமைப்பினர் தெருவில் பாடிக்கொண்டு போனபோது, அவர்களைத் தாக்குவதற்கென்றே 'எலும்புக்கூட்டுச் சேனை' என்று பெயர் வைத்துக்கொண்டு கும்பல்கள் திரண்டன. ஆகவே முதல் நாளே யாராவது கத்தினால், ஏதோ நமக்கு மட்டும் நடக்கிறது, தேவன் நம்மை இந்த வேலைக்கு அழைக்கவில்லை போலிருக்கிறது என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

தனியாகப் போகாதீர்கள்

இயேசு சீஷர்களை இரண்டு இரண்டு பேராக அனுப்பினார். அதில் ஆவிக்குரிய காரணம் இருக்கிறது, நடைமுறைக் காரணமும் இருக்கிறது. ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது அவருக்குத் தன்னைச் சுற்றி என்ன நடக்கிறது என்பது தெரியாது. மூன்று நான்கு பேர் இருந்தால் நல்லது. ஒருவர் பேசட்டும், ஒருவர் கைப்பிரதி கொடுக்கட்டும். இன்னொருவர் எதுவும் கொடுக்காமல், பேசாமல், சற்றுத் தள்ளி நின்று சுற்றிலும் கவனித்துக்கொண்டிருக்கட்டும். யாராவது கோபத்தோடு நெருங்கினால் இவர்தான் முதலில் எதிர்கொண்டு போய், "அண்ணே, என்ன விஷயம் சொல்லுங்க" என்று தனியாக அழைத்துப் பேச வேண்டும். இந்த மூன்றாவது ஆளுக்குப் பொறுமை அதிகம் வேண்டும், பேச்சுத் திறமை வேண்டியதில்லை. குழுவிலேயே நிதானமானவரை இங்கே நிறுத்துங்கள். பேச ஆசைப்படுகிற இளைஞரை நிறுத்தாதீர்கள். பெண்களும் குழுவில் இருந்தால் நல்லது. பெண்கள் தனியாக அந்நிய ஆண்களிடம் நின்று பேச வேண்டிய நிலை வராது, விசாரிக்க வரும் பெண்களிடம் பேசவும் ஆள் இருக்கும்.

போகிற விஷயம் உங்கள் சபைப் போதகருக்குத் தெரிந்திருக்க வேண்டும். எந்த இடம், எத்தனை மணி, யார் யார் என்று எழுதி ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். சில சபைகளில், "தெருவில் நின்று கத்தினால் நம் பெயர் கெட்டுவிடும்" என்று மூப்பர்களே தடுப்பார்கள். அந்தத் தடையை எதிரியின் வேலை என்று முத்திரை குத்துவதற்கு முன்னால், அவர்கள் பார்த்த தெருப் பிரசங்கிகள் எப்படி நடந்துகொண்டார்கள் என்று கேட்டுப் பாருங்கள். பல நேரங்களில் அவர்கள் பயத்துக்கு நல்ல காரணம் இருக்கும். ஒருமுறை கூட வந்து பார்க்கச் சொல்லுங்கள், அதுதான் சரியான பதில்.

சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள், நாட்டுக்கு நாடு வேறு

"தேவனுடைய வேலைக்கு யாருடைய அனுமதி வேண்டும்?" என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். பவுல் பிலிப்பியில் அடி வாங்கிய மறுநாள், விசாரிக்காமலே ரோமக் குடிமக்களை அடித்தீர்களே என்று அதிகாரிகளிடம் கேட்டார் (அப்போஸ்தலர் 16). எருசலேமில் சவுக்கால் அடிக்கக் கட்டியபோதும் அதையே கேட்டுத் தப்பினார் (22ஆம் அதிகாரம்). தன் உரிமை என்ன என்று அவருக்குத் தெரிந்திருந்தது, தேவையான இடத்தில் அதைச் சொல்லவும் செய்தார். உங்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

இந்தியாவில் அரசமைப்பின் 25ஆம் உறுப்பு மதத்தைப் பின்பற்றவும் பரப்பவும் உரிமை தருகிறது, ஆனால் பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம் ஆகியவற்றுக்கு உட்பட்டுத்தான். பரப்புவது என்றால் தன் மதக் கொள்கைகளை எடுத்துச் சொல்வது, இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை அதில் அடங்காது என்று உச்ச நீதிமன்றம் 1977இல் சொல்லிவிட்டது. ஒடிசாவில் 1967, மத்தியப் பிரதேசத்தில் 1968 என்று ஆரம்பித்துப் பல மாநிலங்கள் வற்புறுத்தியோ ஏமாற்றியோ ஆசை காட்டியோ மதம் மாற்றுவதற்கு எதிராகச் சட்டம் கொண்டுவந்திருக்கின்றன. நீங்கள் நிற்கிற மாநிலத்தில் எது அமலில் இருக்கிறது என்று ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஒலிபெருக்கிக்கு 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி எழுத்துபூர்வமான அனுமதி வேண்டும், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை பொது வெளியில் பொதுவாகத் தடை. பிறர் மத நம்பிக்கையை வேண்டுமென்றே அவமதிப்பது குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 299ஆம் பிரிவின்படி குற்றம், மத உணர்வைப் புண்படுத்தும் நோக்கத்தோடு பேசுவது 302ஆம் பிரிவில் வரும்.

சிங்கப்பூரில் ஹாங் லிம் பூங்காவில் 2000இல் பேச்சாளர் சதுக்கம் திறந்தார்கள், ஆனால் மத விஷயங்களை அங்கே பேசக்கூடாது. மலேசியாவில் முஸ்லிம்களிடையே வேறு மதத்தைப் பரப்புவதைச் சட்டம் போட்டுக் கட்டுப்படுத்த அரசமைப்பின் 11(4) இடம் தருகிறது. நேபாளத்தின் 2015 அரசமைப்பு இன்னொருவரை மதம் மாற்றுவதையே தடை செய்கிறது. இங்கிலாந்தில் நிலைமை வேறு: இரட்சணிய சேனை வழக்கில் 1882இலேயே, சட்டப்படியான காரியத்தைச் செய்கிற ஒருவரை, மற்றவர்கள் அதனால் கலவரம் செய்வார்கள் என்ற காரணத்துக்காகத் தண்டிக்கக்கூடாது என்று நீதிமன்றம் சொன்னது. 1999இல், வேக்ஃபீல்ட் பேராலயப் படிகளில் பிரசங்கித்த பெண்கள் தொடர்பான வழக்கிலும் நீதிபதிகள் அதே வழியில் போனார்கள். யாருக்கும் உறுத்தாதபடி மட்டும் பேசும் சுதந்திரம் சுதந்திரமே இல்லை என்ற கருத்து அந்தத் தீர்ப்பில் வருகிறது. அமெரிக்காவில் போலீஸ் தலைவரின் விருப்பப்படி மட்டும் ஒலிபெருக்கிக்கு அனுமதி தரும் விதியை உச்ச நீதிமன்றம் 1948இல் ரத்து செய்தது, மறு ஆண்டே இரைச்சலான ஒலிபெருக்கி வண்டிகளுக்கு ஒரு நகரம் போட்ட தடையைச் செல்லும் என்றது. பேச உரிமை உண்டு, அலற உரிமை இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டுக்குப் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. சுற்றுலா விசாவில் போய்ப் பிரசங்கிப்பது பல நாடுகளில் விசா விதியை மீறுவதாகும், இந்தியாவிலும் அப்படித்தான். நீங்கள் விமானம் ஏறிப் போய்விடுவீர்கள், உங்களை அழைத்த உள்ளூர் சபைதான் அதற்குப் பிறகு பதில் சொல்லிக்கொண்டிருக்கும்.

இடம் பார்ப்பது

பேசப் போகிற அதே கிழமை, அதே நேரத்தில் ஒருமுறை சும்மா போய் நின்று பாருங்கள். ஆட்கள் எங்கே வேகமாக நடக்கிறார்கள், எங்கே நிற்கிறார்கள், வண்டிகள் எங்கே திரும்புகின்றன என்பது அப்போதுதான் தெரியும். நடைபாதையில் நான்கு பேர் நின்று கேட்டாலும் ஒரு தள்ளுவண்டியோ சக்கர நாற்காலியோ தாராளமாகப் போக இடம் மிச்சம் இருக்க வேண்டும். முதுகுக்குப் பின்னால் ஒரு சுவர் இருந்தால் நல்லது; குரல் முன்னோக்கிப் போகும், பின்னாலிருந்து யாரும் வர முடியாது. ஆனால் மூன்று பக்கமும் அடைத்த மூலையில் நிற்காதீர்கள், வெளியேற ஒரு வழி எப்போதும் திறந்திருக்க வேண்டும்.

வேறு மதத்தவரின் வழிபாட்டு இடத்துக்கு முன்னாலும் அவர்களின் திருவிழாக் கூட்டத்துக்குள்ளும் போய் நிற்பதை நான் வன்மையாக எதிர்க்கிறேன். சட்டம் அனுமதித்தாலும் வேண்டாம். ஒருவர் தன் வீட்டாரோடு கும்பிட வந்திருக்கிற நேரத்தில் அவர் காதுக்குள் போய் ஊதுவதற்குப் பெயர் தைரியம் என்று சிலர் நினைக்கிறார்கள். அங்கே ஒருவரும் கேட்கப் போவதில்லை, அந்தப் பகுதியில் இருக்கிற கிறிஸ்தவக் குடும்பங்களுக்குத்தான் அடுத்த பல மாதங்களுக்கு அதன் பலன் கிடைக்கும். மருத்துவமனை, பள்ளிக்கூடம், துக்க வீடு இருக்கும் தெரு ஆகியவற்றையும் விட்டுவிடுங்கள். வணிக வளாகம், ரயில் நிலையம், பேருந்து நிலையம் ஆகியவை பொது இடம்போலத் தெரிந்தாலும் அவற்றுக்கு ஓர் உரிமையாளரோ நிர்வாகமோ உண்டு, போகச் சொன்னால் போய்விட வேண்டியதுதான்.

பக்கத்துக் கடைக்காரரிடம் முன்னதாகவே போய், "இன்ன நேரத்திலிருந்து இன்ன நேரம் வரை இங்கே நின்று பேசப் போகிறோம், உங்கள் வாசலை மறிக்கமாட்டோம், இடைஞ்சலாக இருந்தால் சொல்லுங்கள்" என்று சொல்லிவிடுங்கள். இந்த ஒரு வேலையைச் செய்தால் பாதிப் புகார்கள் எழாது. அவர் முகத்தைச் சுளித்தால் இன்னும் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள்.

என்ன பேசுவது, எப்படிப் பேசுவது

சபைப் பிரசங்கத்தைத் தெருவுக்குக் கொண்டுவந்தால் எடுபடாது. தெருவில் கடந்து போகிறவர் காதில் விழுவது இரண்டு மூன்று வாக்கியம், அவ்வளவுதான். ஆகவே எந்த இடத்தில் வந்து சேர்ந்தாலும் புரிகிற மாதிரி வாக்கியங்கள் தனித்தனியாக நிற்க வேண்டும். ஐந்து நிமிடம் பேசி, ஒரு பாட்டுப் பாடி, ஆள் மாறிப் பேசுங்கள். 'இரத்தத்தால் கழுவப்படுதல்', 'மாம்சத்தின் கிரியைகள்' என்று சபைக்குள் பழகிய மொழியில் பேசினால் வெளியாருக்கு எதுவும் விளங்காது, சில வார்த்தைகள் பயமுறுத்தவும் செய்யும். இயேசு சொன்ன கதை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கெட்டுப்போய்த் திரும்பி வந்த மகனைப் பற்றிய உவமையைச் சொன்னால் நின்று கேட்காத தகப்பன் குறைவு.

அடுத்த மதத்தின் பெயரை எடுக்காதீர்கள், சிலை, சடங்கு, வேதம், ஆசாரம் எதைப் பற்றியும் ஒரு வார்த்தை வேண்டாம். இதைச் சொன்னால், "உண்மையை மறைப்பதா?" என்று சிலர் கொதிக்கிறார்கள். எபேசுவைப் பாருங்கள். பவுல் அங்கே இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பேசினார், ஊரே திரும்பிப் பார்த்தது, கடைசியில் வெள்ளித் தட்டான் தெமேத்திரியு தொழில் படுத்துவிடும் என்று பெரிய கலகத்தையே கிளப்பினான். அப்போது கூட்டத்தை அடக்க வந்த ஊர்ச் சம்பிரதியானவன் (நகர எழுத்தர்), அங்கே பிடித்துவரப்பட்டிருந்த பவுலின் கூட்டாளிகளைக் காட்டி, இவர்கள் கோயிலைக் கொள்ளையடித்தவர்களும் இல்லை, உங்கள் தேவியை நிந்தித்தவர்களும் இல்லை என்று சாட்சி சொன்னான் (அப்போஸ்தலர் 19). கிறிஸ்தவனே அல்லாத ஓர் அதிகாரி ஊர் நடுவில் உங்களுக்காக அப்படிச் சொல்ல முடியுமா? அந்த அளவுக்கு உங்கள் பேச்சு சுத்தமாக இருக்க வேண்டும். பவுல் சிலைகளைப் பற்றிப் பேசாதவர் இல்லை, அதே அதிகாரத்தில் தெமேத்திரியுவே அதைக் குற்றமாகச் சொல்கிறான். ஆனாலும் நிந்தனை என்ற குற்றச்சாட்டு அவர்கள்மேல் ஒட்டவில்லை. அந்த நிதானம் புதிதாக வருகிறவருக்கு உடனே வந்துவிடாது. அது வரும்வரை அந்தப் பக்கமே போகாமல் இருப்பதுதான் பத்திரம்.

கைப்பிரதி கொடுக்கும்போது நேராகப் பார்த்து, ஒரு புன்னகையோடு, கை எட்டும் தூரத்தில் நீட்டுங்கள். வாங்காதவரைப் பின்தொடர வேண்டாம். பெற்றோர் பக்கத்தில் இல்லாத பிள்ளைகளிடம் கொடுக்கவே கூடாது. பிரதியோடு பணம், சாப்பாடு, உடுப்பு என்று எதையும் சேர்த்துக் கொடுக்காதீர்கள். ஏழைக்கு உதவ வேண்டுமென்றால் வேறொரு நாளில், வேறொரு விதத்தில், பிரதி இல்லாமல் செய்யுங்கள். ஆசை காட்டினார்கள் என்ற குற்றச்சாட்டு முளைப்பது இங்கேதான். காணிக்கையும் வாங்காதீர்கள். முடித்துக் கிளம்பும்போது தெருவில் கிடக்கிற பிரதிகளை ஒன்றுவிடாமல் பொறுக்கி எடுங்கள், பக்கத்தில் கிடக்கும் மற்றக் குப்பையையும் சேர்த்து எடுத்தால் இன்னும் நல்லது. தேவனுடைய வார்த்தை அச்சடித்த தாள் மிதிபட்டுக் கிடப்பது எனக்கு மனதுக்கு ஒப்பவில்லை. கடைக்காரரும் அதைக் கவனிப்பார்.

எதிர்ப்பு எந்தெந்த உருவத்தில் வரும்

அலட்சியம்தான் முதலில் வரும், அதிகம் சோர வைப்பதும் அதுதான். ஒரு மணி நேரம் பேசி ஒருவரும் நின்று கேட்காமல் போவார்கள். அப்போது குரலை உயர்த்தத் தோன்றும், அதிர்ச்சியாக எதையாவது சொல்லி ஆளை நிறுத்தத் தோன்றும். அதைச் செய்யாதீர்கள். கோபப்படுத்தி நிறுத்திய ஆள் கேட்கிற மனநிலையில் இருக்கமாட்டார்.

அப்புறம் கேலி. இளைஞர் கூட்டம் ஒன்று வந்து 'அல்லேலூயா' என்று கத்திவிட்டுப் போகும். சிரித்துவிட்டு விடுங்கள். திரும்பி வந்து மறுபடி கத்தினால், பேச்சை நிறுத்தி, "தம்பி, வா, உனக்கு என்ன கேட்கணுமோ கேளு" என்று மெதுவாகச் சொல்லுங்கள். பெரும்பாலும் கலைந்துவிடுவார்கள், சில நேரம் ஒருவன் மட்டும் பின்தங்கி நின்று உண்மையாகவே ஏதாவது கேட்பான். அவனைக் கூட்டாளிகள் முன்னால் வாதத்தில் தோற்கடிக்காதீர்கள்.

குடித்துவிட்டு வருகிறவரிடம் பேசுபவர் பதில் சொல்லவே கூடாது. கவனித்துக்கொண்டிருக்கும் மூன்றாவது ஆள் அவரைத் தோளில் தட்டிக்கொடுத்து ஓரமாக அழைத்துப் போய், அவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தால் போதும். பல பேர் அழுவார்கள். அந்த நிலையில் ஜெபித்து அர்ப்பணிப்பு எடுக்க வைக்காதீர்கள், தெளிந்த பிறகு சந்திப்பதாகச் சொல்லி அனுப்புங்கள்.

கேள்வி கேட்டு மடக்குகிறவர் இன்னொரு வகை. வேதத்தில் முரண்பாடு இருக்கிறதே, திரித்துவம் எப்படி, சிலுவைப் போர் என்னாயிற்று என்று வரிசையாகக் கேட்பார். தெரிந்ததற்குப் பதில் சொல்லுங்கள், தெரியாததற்குத் தெரியாது என்று சொல்லுங்கள். சபையின் வரலாற்றில் நடந்த அநியாயங்களை நியாயப்படுத்தி வாதாடவே வேண்டாம், தவறு தவறுதான். கூட்டத்துக்கு முன்னால் வாதம் இரண்டு மூன்று சுற்றைத் தாண்டினால், "முடித்துவிட்டு உங்களோடு உட்கார்ந்து பேசுகிறேன், இருப்பீர்களா?" என்று கேளுங்கள். அந்த வாக்கைக் கட்டாயம் காப்பாற்றுங்கள். ஞானஸ்நானம், ஓய்வுநாள், அந்நியபாஷை என்று மற்ற சபையைச் சேர்ந்த விசுவாசிகளே தெருவில் வந்து தர்க்கம் செய்வதும் உண்டு. அதற்கு ஒரே பதில், இந்தத் தெருவில் அதைப் பேசமாட்டேன் என்பதுதான். கேட்டுக்கொண்டிருக்கும் அந்நியர் முன்னால் இரண்டு கிறிஸ்தவர்கள் சண்டை போடுவதைவிட, பேசாமல் வீட்டுக்குப் போவது மேல்.

கும்பலாக வந்து சூழ்ந்துகொண்டால்

இதற்குத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள், ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். வழக்கமாக முதலில் ஒருவர் வருவார், கைபேசியில் படம் எடுப்பார், யாரையோ கூப்பிடுவார். தள்ளி நின்று கவனிக்கும் உங்கள் மூன்றாவது ஆள் பார்க்க வேண்டியது இந்தக் கட்டத்தைத்தான். சற்று நேரத்தில் ஏழெட்டுப் பேர் சேர்ந்துவிடுவார்கள். ஒருவர் மிக அருகில் வந்து, முகத்துக்கு நேரே விரலை நீட்டி, "யார் உங்களுக்குப் பர்மிஷன் கொடுத்தது? எவ்வளவு பணம் வாங்கிட்டு இதைப் பண்றீங்க?" என்பார்.

உடனே ஒலிபெருக்கியை அணைத்துவிடுங்கள். ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு பதில் சொன்னால் அது சவாலாகத்தான் தெரியும். ஓர் அடி பின்னால் எடுத்து வையுங்கள், உள்ளங்கைகள் தெரியும்படி கைகளைத் தாழ்வாக வைத்துக்கொள்ளுங்கள், அவர் குரல் எவ்வளவு உயர்ந்தாலும் உங்கள் குரல் அதைவிடத் தாழ்வாக இருக்கட்டும். ஒருவர் மட்டும் பேச வேண்டும், யார் என்று முன்னதாகவே முடிவு செய்திருக்க வேண்டும். மற்றவர்கள் வாய் திறக்கக்கூடாது, சத்தமாக ஜெபிக்கவும் கூடாது. சுற்றி நிற்பவர்களுக்கு அது தங்களைச் சபிப்பது மாதிரி கேட்கும். அனுமதிக் கடிதம் இருந்தால் நகலைக் காட்டுங்கள், அசலைக் கையில் கொடுக்காதீர்கள். "நாங்கள் யாருக்கும் பணம் கொடுக்கவில்லை, யாரிடமும் வாங்கவில்லை, யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. உங்களுக்குச் சங்கடமாக இருந்தால் நாங்கள் கிளம்புகிறோம்" என்று சொல்வது போதும். இது உண்மையாக இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் மேலே பணம், சாப்பாடு பற்றி அவ்வளவு சொன்னேன்.

கிளம்புவது தோல்வி என்று நினைக்கிற இளைஞர்களிடம் நான் வேதத்தைத்தான் காட்டுவேன். ஒரு பட்டணத்தில் துன்பப்படுத்தினால் மறு பட்டணத்துக்கு ஓடிப்போங்கள் என்று சொன்னது இயேசுதான் (மத்தேயு 10). எபேசு கலகத்தில் பவுல் கூட்டத்துக்குள் போக விரும்பியபோது சீஷர்கள் விடவில்லை, அவரும் கேட்டுக்கொண்டார். உங்கள் குழுவில், "போய்விடலாம்" என்று ஒருவர் சொன்னால் எல்லோரும் எதிர்க்கேள்வி கேட்காமல் கிளம்ப வேண்டும் என்று முன்னதாகவே பேசி வைத்துக்கொள்ளுங்கள். கை நீட்டி அடித்தால் திருப்பி அடிக்காதீர்கள், கீழே விழுந்தால் தலையைக் கைகளால் மூடிக்கொள்ளுங்கள், பிடுங்கினால் பையையும் ஒலிபெருக்கியையும் விட்டுவிடுங்கள். வேதாகமத்தைப் பிடுங்கிக் கிழித்தாலும் கையைப் பிடித்து இழுக்க வேண்டாம். காயம் சிறியதானாலும் அன்றைக்கே மருத்துவரைப் பார்த்து எழுத்தில் வாங்கி வையுங்கள். மன்னிப்பதும் புகார் கொடுப்பதும் ஒன்றுக்கொன்று விரோதமானவை என்று நான் நினைக்கவில்லை. அடித்தவர் நாளைக்கு இன்னொருவரை அடிப்பார் என்ற நிலை இருந்தால் புகார் கொடுப்பதே சரி, அது சபையாகச் சேர்ந்து எடுக்க வேண்டிய முடிவு.

போலீஸ் வந்தால்

போலீஸ்காரர் எதிரி இல்லை. அவருக்கு யாரோ தொலைபேசியில் புகார் சொல்லியிருப்பார்கள், அந்த இடம் அமைதியாக வேண்டும், அவ்வளவுதான் அவர் கவலை. பேச்சை நிறுத்தி, வணக்கம் சொல்லி, பெயரைச் சொல்லி, அடையாள அட்டையைக் காட்டுங்கள். சட்டம் உங்கள் பக்கம் இருந்தாலும் தெருவில் அவரோடு வாதாடி ஜெயிக்க முடியாது. "சார், எந்த விதியின்படி நிறுத்தச் சொல்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ளலாமா?" என்று ஒருமுறை பணிவாகக் கேளுங்கள், பதிலைக் குறித்துக்கொள்ளுங்கள், பிறகு கீழ்ப்படியுங்கள். பிறகு வழக்கறிஞர் மூலம் எழுதிக் கேட்கலாம்.

நிலையத்துக்கு அழைத்துப் போனால், குழுவில் வெளியே இருக்கும் ஒருவர் உடனே போதகருக்கும் வழக்கறிஞருக்கும் சொல்ல வேண்டும். எண்களைக் கைபேசியில் மட்டும் வைத்திருக்காமல் ஒரு தாளிலும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், கைபேசியை வாங்கி வைத்துவிடுவார்கள். இந்தியாவில் அரசமைப்பின் 22ஆம் உறுப்பின்படி கைதுக்கான காரணத்தைத் தெரிவிக்க வேண்டும், வழக்கறிஞரைச் சந்திக்க விட வேண்டும், பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும். படிக்காத எதிலும், எழுதப்படாத வெற்றுத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். தினமும் மருந்து சாப்பிடுகிறவர் ஒரு நாளுக்கான மாத்திரையைப் பையில் வைத்துக்கொண்டே ஊழியத்துக்குப் போகட்டும். உள்ளே என்ன நடந்தாலும் பொய் சொல்லாதீர்கள். தெரியாத கேள்விக்கு வழக்கறிஞர் வந்தபின் பதில் சொல்கிறேன் என்று சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது.

கேமரா எப்போதும் ஓடுகிறது

நீங்கள் பேசுகிற ஒவ்வொரு வார்த்தையையும் யாரோ பதிவு செய்கிறார்கள் என்றே நினைத்துக்கொள்ளுங்கள். முப்பது நிமிடப் பேச்சில் பத்து விநாடியை வெட்டிப் போட்டால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பேசுங்கள். நீங்களும் ஆரம்பம் முதல் முடிவுவரை முழுதாகப் பதிவு செய்து வையுங்கள். அது உங்களைக் காக்கும் சாட்சி, சமூக ஊடகத்துக்கான தீனி ஆகிவிடக்கூடாது. நின்று கேட்டவர், அழுதவர், ஜெபிக்கக் கேட்டவர் ஆகியோரின் முகத்தை வெளியிட்டால் அவர்கள் வீட்டில் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியாது. எதிர்த்தவரின் முகத்தைப் போட்டு, "இவரைப் பாருங்கள்" என்று பகிர்வதும் அதே அளவு தவறு. எதிர்ப்பைப் படம் பிடித்துப் பார்வைகளைச் சேர்க்கிற சிலர் இருக்கிறார்கள், எதிர்ப்பு வராத நாளில் அவர்களே அதை வரவழைக்கிறார்கள். அப்படிப்பட்ட குழுவோடு சேராதீர்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

அன்றைக்கே எல்லோரும் உட்கார்ந்து என்ன நடந்தது என்று பேசுங்கள். எதிர்ப்பு வந்திருந்தால், அது எதனால் வந்தது என்று நேர்மையாகக் கேட்டுக்கொள்ளுங்கள்: சத்தமா, இடமா, வார்த்தையா, அல்லது சுவிசேஷமா? முதல் மூன்றில் ஒன்று என்றால் அடுத்த முறைக்கு முன் அதைச் சரிசெய்யுங்கள், தேவைப்பட்டால் போய் மன்னிப்புக் கேளுங்கள். கடைக்காரரிடம் போய், "அன்றைக்குச் சத்தம் அதிகமாகிவிட்டது" என்று சொன்னால் அவரே பிறகு நண்பராகிவிடுவார். எதிர்த்தவர்களுடைய பெயர் தெரிந்தால் பெயர் சொல்லியே அவர்களுக்காக ஜெபியுங்கள்.

மிரட்டலோ அடியோ நடந்திருந்தால் அடுத்த சில நாட்கள் தூக்கம் வராமல் இருக்கலாம், பின்னால் யாராவது வேகமாக நடந்து வந்தால் உடம்பு நடுங்கலாம். விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், எலியாவே கர்மேலுக்குப் பிறகு பயந்து ஓடிச் சூரைச் செடியின்கீழ்ப் படுத்தார், தேவன் அவரைத் திட்டாமல் தூங்கவிட்டு, சாப்பாடு கொடுத்தார். சில வாரம் பின்வரிசையில் நில்லுங்கள். வீட்டில் கணவன், மனைவி, பெற்றோர் பயந்திருப்பார்கள், அவர்களிடம் நடந்ததை மறைக்காமல் சொல்லுங்கள், அவர்கள் மனம் தெளியும்வரை மறுபடி போகாதீர்கள்.

அதே இடத்துக்குத் திரும்பிப் போவதா என்பதற்கு ஒரே விதி கிடையாது. லீஸ்திராவில் கல்லெறிபட்ட பவுல் எழுந்து அதே பட்டணத்துக்குள் போனார். தெசலோனிக்கேயாவிலிருந்து சகோதரர்கள் அவரை இரவோடு இரவாக அனுப்பி வைத்தார்கள். நான் பார்ப்பது ஒன்றே ஒன்று: நீங்கள் திரும்பிப் போவதால் ஆபத்து உங்களுக்கா, அந்தத் தெருவிலேயே குடியிருக்கிற விசுவாசிகளுக்கா? உங்களுக்கு மட்டும் என்றால் ஜெபித்து, பெரியவர்களைக் கேட்டு, நீங்கள் தீர்மானிக்கலாம். அவர்களுக்கு என்றால் அவர்களைக் கேட்காமல் தீர்மானிக்க உங்களுக்கு உரிமை இல்லை. அவர்கள் வேண்டாம் என்றால், அந்தத் தெருவில் யாராவது தொலைபேசி எண் கொடுத்துவிட்டுப் போயிருப்பார்களே, அவரை அந்த வாரத்திலேயே கூப்பிட்டு, வேறு எங்காவது உட்கார்ந்து பேச முடியுமா என்று கேளுங்கள்.